ஒரே பட்டியல், நான்கு வடிவம்: படிப்பகத்தின் ஆர்டிஎஃப் கோப்புகளை மாற்றிய அனுபவம்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் பொருள் தலைப்புப் பட்டியல் ஒரே கோப்பாக என் கைக்கு வந்தது. எந்தப் புத்தகத்தை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று பல வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். கல்வெட்டியல், தொல்லியல், நாட்டார் வழக்காற்றியல், பொருளாதாரம் என்று 412 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், மக்கள் வழங்கும் வேறு சொற்கள், அதற்கு மேலே இருக்கும் பெரிய தலைப்பு, சிலவற்றுக்கு விக்கித்தரவு (விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளம்) இணைப்பு. எல்லாமே ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருந்தன. ஆர்டிஎஃப் என்பது பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் கணினி படிக்கும்படி எழுதும் முறை. முன்பு உதவிக்கு வந்த ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் போனது. அதன்பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை.

நூலகர் அக்கா ஒருமுறை நோட்பேடில் திறந்து பார்த்திருக்கிறார். "தம்பி, ஒரே கூர் அடைப்பா இருக்கு. இதுல நான் வச்ச தலைப்பு எங்க இருக்குன்னே தெரியல" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பட்டியல் அவருடையது. அவரால் படிக்க முடியாத வடிவத்தில் அது இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவை மூன்று. அக்கா படித்துத் திருத்த டர்ட்டில் வடிவம் வேண்டும். படிப்பகத்தின் இணையப் பக்கத்துக்கு ஜேசன்-எல்டி. பக்கத்து ஊர் நூலகம் இந்தப் பட்டியலையும் எங்கள் புத்தக விவரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அவர்களுடைய மென்பொருள் ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல் மட்டுமே வாங்கும். இவை போக, மாற்றத்தில் ஏதாவது தொலைந்ததா என்று சரிபார்க்க எனக்கு என்-டிரிப்பிள்ஸ். ஒரு மாலை வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று சனி ஞாயிறு ஆனது. அந்த நாட்கள் எங்கே போயின என்பதுதான் இந்தப் பதிவு.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். இணைப்புத் தரவில், அதாவது ஆர்டிஎஃப்பில் எழுதி ஒன்றையொன்று சுட்டும் தரவில், ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டுகளாக இருக்கும்: எதைப் பற்றி, என்ன உறவு, என்ன மதிப்பு. "112ஆம் தலைப்பு, அதன் பெயர், தொல்லியல்" என்பது ஒரு செய்தி. இதை மும்மை என்று வைத்துக்கொள்வோம். 112ஆம் தலைப்பு என்பதும், 'பெயர்' என்ற உறவும் இணைய முகவரிகளாக எழுதப்படும். அதனால்தான் வேறொரு நூலகத்தின் கோப்பு நம் தலைப்பைச் சுட்ட முடிகிறது. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய குறிப்பில் வலியுறுத்தியதும் இதைத்தான்: பொருள்களுக்கு இணைய முகவரியையே பெயராக வையுங்கள், அங்கிருந்து மற்றவற்றுக்கு இணைப்புக் கொடுங்கள். ஆர்டிஎஃப் 1999இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக, அதாவது தரமாக, ஆனபோது எக்ஸ்எம்எல் வடிவம்தான் கூட வந்தது. டர்ட்டில், என்-டிரிப்பிள்ஸ், ஜேசன்-எல்டி மூன்றும் 2014இல் பரிந்துரைகளாயின. உள்ளே இருக்கும் மும்மைகள் ஒன்றேதான், எழுதும் முறைதான் வேறு. கருவிகள் இந்த நம்பிக்கையில்தான் வேலை செய்கின்றன. நம்பிக்கை பெரும்பாலும் சரி. எங்கே சறுக்குகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் எடுத்தது ராப்பர். டேவ் பெக்கெட் எழுதிய ராப்டர் நிரலகத்தோடு வரும் சின்னக் கருவி. லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். வேகமானது, கோப்பு பெரிதாக இருந்தாலும் நினைவகத்தை அடைக்காது. உள்ளீடு எந்த வடிவம், வெளியீடு எந்த வடிவம், கோப்பு எது என்று சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடும். மாற்றாமல் எண்ண மட்டும் சொன்னால் எத்தனை மும்மை என்று சொல்லும். எண்ணச் சொன்னேன்: 3,871.

அப்புறம் அதே கோப்பை பைத்தானில் ஆர்டிஎஃப்லிப் என்ற நிரலகம் கொண்டு படித்தேன்: 3,846. முதல் நாளே 25 குறைவு என்றதும் திகைத்துவிட்டேன். காரணம் எளிது. ராப்பர் கோப்பைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகிறது. ஒரே மும்மை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் இரண்டு என்று எண்ணும். ஆர்டிஎஃப்லிப் எல்லாவற்றையும் ஒரு கணமாகச் சேர்த்து வைக்கிறது, கணத்தில் ஒன்று ஒருமுறைதான் இருக்கும். என்-டிரிப்பிள்ஸாக மாற்றி, வரிசைப்படுத்தி, திரும்ப வந்த வரிகளை நீக்கியதும் ராப்பர் பக்கமும் 3,846 வந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கையை ஒப்பிடும்போது திரும்ப வந்ததை நீக்கிவிட்டு எண்ணியதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

என்-டிரிப்பிள்ஸ் கோப்பைத் திறந்தபோது தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் பின்சாய்வுக் கோடு, ஒரு 'யூ', நான்கு இலக்கக் குறியீடு. 2004இல் வரையறுத்த பழைய என்-டிரிப்பிள்ஸ் ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை, மட்டுமே ஏற்றது. மற்ற எல்லா மொழி எழுத்தும் இப்படிக் குறியீடாகத்தான் போக வேண்டும். 2014 தரத்தில், எல்லா மொழி எழுத்தையும் நேரடியாக எழுதும் யூடிஎஃப்-8 முறை வந்துவிட்டது. என் கணினியில் இருந்த ராப்பர் பழைய முறையிலேயே எழுதியது. 'தமிழ்' என்பது ஐந்து குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள எண்). யூடிஎஃப்-8இல் 15 பைட், இந்த முறையில் 30 பைட். தரவு கெட்டுப்போகவில்லை, திரும்பப் படித்தால் தமிழாகவே வரும். ஆனால் கண்ணால் படிக்க முடியாதே என்று அலுப்பாக இருந்தது. அடுத்த வாரம் இதே அலுப்புதான் என்னைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டர்ட்டிலாக மாற்றிப் பார்த்தேன். இது அழகாக வந்தது. தலைப்புக்கு ஒரு பத்தி, அதன்கீழ் உறவுகள் ஒவ்வொரு வரியாக, அரைப்புள்ளி போட்டு. தமிழ் தமிழாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தமிழ்ப் பெயரின் பின்னாலும் @ போட்டு ஆங்கில மொழிக்குறி நின்றது. கல்வெட்டியல், ஆங்கிலம். நாட்டார் வழக்காற்றியல், ஆங்கிலம்.

கருவியின் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மூலக் கோப்பின் மேல் பகுதியைப் பார்த்ததும் புரிந்தது. எக்ஸ்எம்எல்லில் மொழிக்குறி வெளி உறுப்பிலிருந்து உள் உறுப்புகளுக்கு இறங்கிவரும். கோப்பின் முதல் உறுப்பில் ஆங்கிலம் என்று ஒருமுறை எழுதியிருந்தது. உள்ளே சில தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் தனியாகத் தமிழ்க்குறி இருந்தது. மற்றவை மேலே இருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டன. எக்ஸ்எம்எல்லாக இருந்தவரை யார் கண்ணிலும் படாத தப்பு, டர்ட்டிலில் ஒவ்வொரு வரியிலும் வெளியே வந்து நின்றது. ராப்பர் செய்தது முழுக்கச் சரி.

முதல் உறுப்பில் இருந்த குறியை எடுத்துவிட்டால் உண்மையான ஆங்கிலப் பெயர்களும் மொழியற்றுப் போகும். அதனால் பைத்தானில் ஒரு சின்ன நிரல்: சரத்தில் தமிழ் யூனிகோடு பகுதியைச் சேர்ந்த எழுத்து ஒன்றாவது இருந்து, குறி ஆங்கிலமாக இருந்தால், தமிழாக மாற்று. சில இடங்களில் மூன்றெழுத்துத் தமிழ்க்குறி இருந்தது, அதுவும் நூலக வழக்கம்தான். இணையத்துக்கான மொழிக்குறி விதி, இரண்டெழுத்துக் குறி இருந்தால் அதையே எழுதச் சொல்கிறது. இரண்டும் கலந்திருந்தால் "தமிழ்ப் பெயர் கொடு" என்று கேட்கும்போது பாதி வராது. எல்லாவற்றையும் இரண்டெழுத்துக்கு மாற்றினேன்.

அடுத்தது முகவரி. டர்ட்டில் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அக்காவின் கணினியில் திறந்து காட்டினேன். நீண்ட முகவரிகளைச் சுருக்க மேலே எழுதும் முன்னொட்டு வரிகளைப் பார்த்த அக்கா, "இது என்ன, உங்க வீட்டு கம்ப்யூட்டர் ஃபோல்டர் பேரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அதேதான். மூலக் கோப்பில் தலைப்புகளின் முகவரி முழுதாக இல்லை. # போட்டு எண் மட்டும் இருந்தது, அடிப்படை முகவரி எங்கும் சொல்லப்படவில்லை. அப்படி இருந்தால் ராப்பர் கோப்பு இருக்கும் இடத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். 112ஆம் தலைப்பின் உலகப் பொதுப் பெயர் என் கணினியின் கோப்புறைப் பாதையாகிவிட்டது. வேறு கணினியில் மாற்றினால் வேறு பெயர் வரும். இணைப்புத் தரவில் இதைவிடப் பெரிய கேடு இல்லை, ஏனென்றால் இணைப்பே பெயரில்தான் இருக்கிறது. கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பின்னால் அடிப்படை முகவரியைக் கொடுக்கலாம். படிப்பகத்தின் இணைய முகவரியைக் கொடுத்து மறுபடி மாற்றினேன். கவனித்தவர் அக்காதான், நான் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருந்தேன்.

விக்கித்தரவு இணைப்புகளிலும் இதே வகைச் சிக்கல். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் கியூ என்று தொடங்கும் எண் உண்டு. தமிழ் மொழிக்கு கியூ5885. அந்தப் பொருளின் பெயராக வழங்கும் முகவரி வேறு, உலாவியில் நாம் பார்க்கும் பக்கத்தின் முகவரி வேறு. முதலாவதில் நடுவே 'என்டிட்டி' என்று வரும், தொடக்கத்தில் 'எஸ்' இல்லாத பழைய எச்டிடிபி. பட்டியலில் பாதிப் பேர் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். மனிதருக்கு இரண்டும் ஒரே இடம். கருவிக்கு அவை இரண்டு வேறு பொருள்கள். தேடி மாற்றினேன், அரை மணி நேரம் ஆனது.

சரி, இப்போது என்னை அதிகம் உட்கார வைத்த இடத்துக்கு வருகிறேன்.

தலைப்புப் பட்டியல்களுக்கென்றே ஸ்காஸ் என்ற சொற்தொகுதி உண்டு, 2009இல் பரிந்துரையானது. எங்கள் பட்டியல் அதில்தான் எழுதப்பட்டிருந்தது. ஸ்காஸில் ஒரு கட்டுப்பாடு: ஒரு தலைப்புக்கு ஒரு மொழியில் முதன்மைப் பெயர் ஒன்றுதான் இருக்கலாம். மற்றவை வேறுசொற்களாக இருக்க வேண்டும். மொழிக்குறிகளைச் சரிசெய்தபிறகு இதைச் சோதித்தேன். 37 தலைப்புகளில் தமிழ் முதன்மைப் பெயர் இரண்டு இருப்பதாக வந்தது. முதலாவது:

பொருளாதாரம்
பொருளாதாரம்

எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரிந்தது. பின்னால் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மொழிக்குறி இரண்டிலும் ஒன்றே. எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வேறுபாடு இல்லை. ஒன்றாக இருந்தால் கணத்தில் ஒன்றாகத்தானே சேர்ந்திருக்க வேண்டும்?

அப்போதுதான் அந்தப் பழைய என்-டிரிப்பிள்ஸ் கோப்பு நினைவுக்கு வந்தது. குறியீடாக எழுதிய கோப்பில் அதே இரண்டு வரிகளைத் தேடி எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ஒன்றில் 11 குறியீடு, மற்றொன்றில் 12. வேறுபாடு இரண்டாவது இடத்திலேயே இருந்தது. 'பொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வுக்குப் பின் 'ஒகரக் குறி' என்ற ஒரே புள்ளியைப் போடலாம். அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு புள்ளிகளாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஓகாரத்துக்கும் அப்படியே: ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகவும் எழுதலாம். யூனிகோடு தரம் இந்த இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் ஆர்டிஎஃப் சரங்களைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள்.

இது எப்படி வந்திருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். பட்டியலை ஆரம்பத்தில் இரண்டு பேர் இரண்டு கணினியில் தட்டச்சு செய்தார்கள், இரண்டையும் ஒரே எண்ணின்கீழ் ஒன்றுசேர்த்தார்கள் என்றார். இரண்டு விசைப்பலகைகளும் 'பொ'வை இரண்டு விதமாக எழுதியிருக்கின்றன. மற்றபடி ஒத்துப்போன பெயர்கள் எல்லாம் சேரும்போது ஒன்றாகிவிட்டன. பொருளாதாரம், தொல்லியல், மொழியியல், சோதிடம், கோயில்கள் என்று ஒகரமும் ஓகாரமும் இருந்தவை மட்டும் இரட்டையாக நின்றன. 37 தலைப்புகளையும் தாளில் எழுதிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் கொம்பும் காலும் இருந்தன. தமிழில் அகரவரிசைப் பட்டியலை மாற்றும் யாரும் முதலில் சோதிக்க வேண்டியது இந்த எழுத்துகளைத்தான். கருவிகளின் விளக்கக் குறிப்புகளில் இதைத் தேடினால் கிடைக்காது.

தீர்வு யூனிகோடு இயல்பாக்கம். என்எஃப்சி என்ற முறை, பிரித்து எழுதியவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும். ஆர்டிஎஃப் தரமும் சரங்கள் இந்த வடிவில் இருப்பதையே விரும்புகிறது. ஆனால் மாற்றும் கருவி தானாகச் செய்யாது. கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் கடமை, அதைக் குறை சொல்ல முடியாது. பைத்தானில் யூனிகோடுக்கென்று உள்ள உள்ளமை நிரல்தொகுப்பில் ஒரே வரியில் செய்துவிடலாம். எல்லாச் சரங்களையும் அதில் அனுப்பி எழுதினேன். 37இல் 31 தானாக ஒன்றாயின.

மீதி ஆறு ஒன்றாகவில்லை. இவற்றில் முதலாவது ஔவையார். ஒருவர் ஔ என்ற தனி எழுத்தைப் போட்டிருக்கிறார். மற்றவர் ஒ போட்டு அதன் பக்கத்தில் ள போட்டிருக்கிறார். கண்ணுக்கு நெருக்கமாகத்தான் தெரியும், ஆனால் இரண்டாவது உண்மையில் 'ஒளவையார்', ளகரம் நடுவே நிற்கிறது. யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்லாது. சொல்லவும் கூடாது, ஏனென்றால் 'ஒளி' என்று எழுதும்போது அந்த ள வேண்டும். அடுத்தது ஸ்ரீ. அது ஸகரத்தில் தொடங்கியும் எழுதப்படுகிறது, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். இதையும் இயல்பாக்கம் தொடாது. நிரலால் முடிவெடுக்க முடியாத இடங்கள் இவை. அக்காவுக்கு ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தேன்.

டர்ட்டில் கோப்பை அக்கா உண்மையிலேயே விரும்பினார். ஒரு வாரத்தில் 40 தலைப்புகள் பார்த்து முடித்திருந்தார். சந்தேகம் வந்த இடத்தில் # போட்டு, "இது நாட்டார் தெய்வத்தோட சேருமா? கேக்கணும்" என்று குறிப்பும் எழுதியிருந்தார். நான் அந்தக் கோப்பை வாங்கி, இயல்பாக்க நிரலில் ஓட்டி, மறுபடி டர்ட்டிலாக எழுதி அவருக்கே திருப்பி அனுப்பினேன். குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. # போட்ட வரி மும்மை இல்லை, அதனால் எந்தக் கருவியும் அதை எடுத்துக்கொண்டு போகாது. நல்லவேளையாக அவர் அனுப்பிய கோப்பை, பழைய பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் கருவியில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு வார உழைப்பு போயிருக்கும், அதை நினைத்தால் இப்போதும் பதைக்கிறது. ஸ்காஸில் பதிப்பாசிரியர் குறிப்புக்கென்றே ஒரு உறவு இருக்கிறது. # வரிகளை எல்லாம் அந்த உறவில் மும்மைகளாக மாற்றினேன். இப்போது எந்த வடிவத்துக்குப் போனாலும் அக்காவின் கேள்வி கூடவே போகிறது.

அடுத்து, பக்கத்து ஊர் நூலகத்துக்காகப் புத்தகப் பட்டியலைச் சேர்க்கும் வேலை. அது தனியாக என்-டிரிப்பிள்ஸ் கோப்பாக இருந்தது. இந்த வடிவத்தில் ஒரு வரி ஒரு மும்மை, அதனால் இரண்டு கோப்புகளையும் ஒட்டினாலே ஒன்றுசேர்ந்துவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒட்டினேன். கல்வெட்டியல் தலைப்பின் மூலக்குறிப்பில் ஒரு சமையல் புத்தகத்தின் பதிப்பகமும் ஆண்டும் வந்து உட்கார்ந்திருந்தன.

காரணம் பெயரில்லாக் கணுக்கள். "இந்தத் தலைப்பைக் கொடுத்தவர் இவர், இந்த நாளில்" என்பது போன்ற விவரங்களுக்கு முகவரி வைக்காமல் ஒரு வெற்றுக் கணு போட்டிருப்பார்கள். மாற்றும்போது கருவி அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் கொடுக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று. அந்தப் பெயர் அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் செல்லும். இரண்டு கோப்புகளும் ராப்பரில் பிறந்தவை, இரண்டிலும் ஒன்றாம் எண் கணு இருந்தது. ஒட்டியதும் இரண்டும் ஒரே கணுவாகிவிட்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வர வாய்ப்பும் இல்லை. இலக்கணப்படி கோப்பு சரியானது.

இங்கே அப்பாச்சி ஜீனா என்ற ஆர்டிஎஃப் நிரல்தொகுப்பின் மாற்றும் கருவியான ரயட்டுக்கு மாறினேன். ஜாவா வேண்டும், தொடங்க ஓரிரு விநாடி எடுக்கும். ஆனால் இரண்டு கோப்புகளையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆவணமாகப் படித்து, கணுக்களுக்கு வேறு வேறு பெயர் கொடுக்கும். தமிழையும் தமிழாகவே எழுதும். ஒரே குறை, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கணுக்களுக்குப் புதுப் பெயர் வருவதால் நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் ஒப்பிட முடியாது. கடைசியில் அந்தக் கணுக்கள் எல்லாவற்றுக்கும் படிப்பக முகவரியின்கீழ் நிலையான பெயர் வைத்துவிட்டேன். நூறு கணுக்கூட இல்லை. தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒரு நாள் மிச்சம்.

சேர்ந்த கோப்பை ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல்லாக மாற்றச் சொன்னால் உடனே பிழை. புத்தகப் பட்டியலைச் செய்தவர், நூலகங்கள் புத்தக விவரம் பதியும் மார்க் முறையின் புல எண்களையே உறவுப் பெயராக வைத்திருந்தார்: 245 என்றால் புத்தகத் தலைப்பு, 100 என்றால் ஆசிரியர், 650 என்றால் பொருள் தலைப்பு. முகவரியின் கடைசித் துண்டு வெறும் எண். என்-டிரிப்பிள்ஸிலும் டர்ட்டிலிலும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எக்ஸ்எம்எல் வடிவத்தில் உறவுதான் உறுப்பின் பெயராக வர வேண்டும், எக்ஸ்எம்எல் பெயர் எண்ணில் தொடங்கக்கூடாது. ஆகவே இந்த மும்மைகளை அந்த வடிவத்தில் எழுதவே வழியில்லை. எல்லா வடிவங்களும் சமம் என்ற பேச்சு உடையும் இடம் இது. மூன்று முக்கியப் புலங்களையும், நூல் விவரங்களுக்குப் பரவலாக வழங்கும் டப்ளின் கோர் என்ற சொற்தொகுதியின் சொற்களுக்கு மாற்றினேன்: தலைப்பு, ஆக்கியோர், பொருள். மற்ற எண்களுக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தேன். டப்ளின் கோர் பெயர்களைப் பக்கத்து ஊர் மென்பொருள் நேரடியாகவே புரிந்துகொண்டது, எண்களை அது கண்டுகொண்டிருக்காது.

கடைசியாக ஜேசன்-எல்டி. ராப்பரில் 'ஜேசன்' என்றொரு வெளியீடு இருக்கிறது. அது ஜேசன்-எல்டி இல்லை, ஆர்டிஎஃப்பை ஜேசனில் எழுதும் வேறொரு பழைய முறை. பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஆர்டிஎஃப்லிப்பில் செய்தேன், 2021இல் வந்த 6ஆம் பதிப்பு முதல் ஜேசன்-எல்டி அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த விஷயம் சூழல் என்ற பகுதி. கோப்பில் வரும் சொல் எந்த முகவரியைக் குறிக்கும் என்று அதில் சொல்லிவிட்டால், மற்ற இடமெல்லாம் நம் சொல்லையே எழுதலாம். தமிழிலும் எழுதலாம்:

{
  "எண்": "பொருள்:112",
  "தலைப்பு": "தொல்லியல்",
  "வேறுசொல்": ["தொல்பொருளியல்"],
  "மேல்தலைப்பு": "பொருள்:100"
}

இதைப் பார்த்த அக்கா, "இது எனக்கே புரியுதே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ஆனால் இதே துண்டில்தான் கடைசிச் சறுக்கல் இருந்தது. கருவி முதலில் கொடுத்தபோது மேல்தலைப்பு ஒரு தனி அடைப்புக்குள் வந்தது. இணையப் பக்கம் செய்யும் தம்பி, "அண்ணா, நேரா எண்ணை மட்டும் கொடுத்தீங்கன்னா எனக்கு வசதி" என்றதால் அடைப்பை எடுத்து வெறும் சரமாக்கினேன். எண்ணிப் பார்த்தேன், மும்மைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பக்கமும் நன்றாக வந்தது. அப்படியே விட்டிருப்பேன்.

ஆனால் சரிபார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் வைத்த முறைப்படி, ஜேசன்-எல்டியை ரயட்டில் திரும்பப் படித்து என்-டிரிப்பிள்ஸாக்கி, வரிசைப்படுத்தி, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மேல்தலைப்பு வரிகள் அத்தனையும் வேறாக வந்தன. மூலத்தில் அங்கே 100ஆம் தலைப்பின் முகவரி இருந்தது. புதியதில் "பொருள்:100" என்ற சொல், மேற்கோள் குறிக்குள், பக்கத்தில் தமிழ் மொழிக்குறியோடு. மேல்தலைப்பின் மதிப்பு ஒரு முகவரி என்று சூழலில் நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது வெறும் சரம். சூழலில் இயல்பு மொழி தமிழ் என்று எழுதியிருந்ததால் அது தமிழ்ச் சொல்லாகவும் ஆகிவிட்டது. எண்ணிக்கை சரி, பக்கம் சரி, ஆனால் தலைப்புகளுக்கு இடையே இருந்த இணைப்பு ஒன்றுகூட உயிரோடு இல்லை. சூழலில் ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் திரும்பி வந்தன.

அதே ஒப்பீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்ட அந்தத் தம்பி 'அலமாரி' என்ற சொல்லைத் தானாகச் சேர்த்திருந்தார். அது சூழலில் இல்லை. சூழலில் இல்லாத சொல்லைக் கருவி ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். தரம் அப்படித்தான் சொல்கிறது. அலமாரிக்கும் ஒரு முகவரி கொடுத்துச் சூழலில் சேர்த்தேன்.

இப்போது எல்லாம் ஒரு மேக்ஃபைலில், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பில், இருக்கிறது. அக்காவின் டர்ட்டில்தான் மூலம். அதிலிருந்து இயல்பாக்கம், ஸ்காஸ் சோதனை, எக்ஸ்எம்எல், ஜேசன்-எல்டி. ஒவ்வொன்றும் திரும்ப என்-டிரிப்பிள்ஸாகி மூலத்தோடு ஒப்பிடப்படும். ஒரு வரி வேறுபட்டாலும் அங்கேயே நிற்கும். முழுதும் ஓட ஒரு நிமிடம்கூட ஆகாது. போன வாரம் பக்கத்து ஊர் நூலகத்தில் தொல்லியல் என்று தேடியபோது எங்கள் அலமாரிப் புத்தகங்கள் வந்தன. அக்கா அதைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

அந்த ஆறு தலைப்புகள் மட்டும் மிச்சம். ஔவையாரை அக்கா திருத்திவிட்டார். ஸ்ரீ எப்படி எழுதுவது என்று பழைய அட்டைப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அட்டைப் பெட்டி மாடியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய் இறக்க வேண்டும்.